சென்னையில் பெற்றோர் தனியாக இருக்கிறார்களா? விடுமுறையில் வந்தால் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் மெச்சுவது மெட்ரோ ரயிலைத்தான். நியாயம்தான். 2015இல் கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மட்டும் ஓடத் தொடங்கியது, இன்று விமான நிலையத்தில் ஏறினால் சென்ட்ரல் வழியாக விம்கோ நகர் வரை மாறாமல் போகலாம். ஆனால் எழுபது வயதுக்காரர் ஒருவர் பிள்ளைகளுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போன் போடாமல் ஒரு வாரத்தை ஓட்ட முடிகிறதா? ஊர் வாழத் தோதானதா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் சென்னைக்கு ஒரே மார்க் போட வழியில்லை, தெருவுக்குத் தெரு மாறுகிறது.

முதலில் தண்ணீர். பழைய பகுதிகளில் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர், குறிப்பிட்ட நேரத்துக்கு வந்து தரைக்கடியில் இருக்கும் தொட்டியான சம்ப்பில் விழும். மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மோட்டாரை நிறுத்த மறப்பதும், சம்ப் காலியானது தெரியாமல் ஓடவிட்டு காயில் கருகுவதும் பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் சகஜம். சம்ப், மேல்தொட்டி இரண்டிலும் சென்சார் வைத்து தானாக ஓடி நிற்கும் கன்ட்ரோலரை மாட்ட எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் போதும். அடுத்து, சம்ப் மூடி தெருவைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டதில் பல வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மூடி தரையோடு தரையாக இருந்தால் மழைக்காலத்தில் சாக்கடை கலந்த தெருத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். சுற்றிலும் ஒன்றரை அடி செங்கல் வைத்துக் கட்டி, மூடியை மேலே தூக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் கதை வேறு. பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. 40 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் நாளுக்கு 21,600 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் லாரி தினம் இரண்டு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது லாரியே கிடைக்காமல் திண்டாட்டமாயிற்று. நெம்மேலியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இலும், 15 கோடி லிட்டருக்கான இன்னொன்று 2024இலும் வந்துவிட்டன. குழாய் எட்டாத தெருவுக்கு அதனால் என்ன லாபம்? அங்கே வீடு வாங்கிக் கொடுக்கும் யோசனை இருந்தால், குடியிருப்போர் சங்கத்திடம் மே மாதத்து மெயின்டனன்ஸ் கணக்கை வாங்கி லாரிச் செலவை மட்டும் தனியாகப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் நீச்சல் குளத்தைவிட அந்த ஒரு வரி அதிகம் சொல்லும்.

போக்குவரத்தில் ரயிலும் பஸ்ஸும் தேறிவிட்டன, வீட்டிலிருந்து அவை வரை நடப்பதுதான் தேறவில்லை. தாழ்தளப் பேருந்து 2024 முதல் ஓடுகிறது. அதன் தரை ஏறத்தாழ 400 மி.மீ. உயரம்தான், முட்டிவலிக்காரரும் ஏறிவிடலாம். அறுபது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் உண்டு, முகவரிச் சான்றும் வயதுச் சான்றும் கேட்பார்கள். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. நடைபாதையோ, இந்தியச் சாலை விதிப்படி உயரம் 150 மி.மீ.க்கு மிகாமல், நடக்கும் இடம் 1.8 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாண்டி பஜாரில் 2019இல் போட்டதுபோல் அகலமாகக் கிடைக்கும் இடம் குறைவு. மற்ற இடங்களில் மின்வாரியப் பெட்டி, கடைச் சரிவு, நிறுத்திய பைக் என்று பத்தடிக்கு ஒருமுறை ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் வெளியே போவதை நிறுத்திக்கொள்வது தூரத்தால் அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தால். (நள்ளிரவு விமானத்தில் வருகிறவர்களுக்கு: மெட்ரோ காலை 5 மணிக்குத்தான் தொடங்கும்.)

வருகிறவர்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை போன் நம்பர். ஏறக்குறைய எல்லாச் சேவையும் இந்திய எண்ணுக்கு வரும் ஓடிபியில் நிற்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு வெளிநாட்டு எண்ணையே யூபிஐயில் இணைக்க 2023இல் 10 நாடுகளுக்கு அனுமதி வந்தது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடாவில் சில நாடுகள் அதில் உண்டு. உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். மின்சாரப் புகாருக்கு மின்னகம் 94987 94987, மாநகராட்சிக்கு 1913. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி, மின் இணைப்பு எண்ணையும் கீழே சேர்த்து, மீட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாவிட்டால் அடுத்த அழைப்பில் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும்.

மழைக்கு இரண்டே கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எவ்வளவு? புரோக்கரிடம் கேட்க வேண்டாம். தெருமுனை இஸ்திரிக்காரர் முட்டி, இடுப்பு என்று தொட்டே காட்டுவார். அந்த அளவுக்கு மேலே மீட்டர் போர்டும் ஜெனரேட்டரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜெனரேட்டரை அடித்தளத்தில் வைத்த கட்டடத்தில் வெள்ளம் புகுந்தால் லிஃப்ட், மோட்டார் இரண்டும் ஒன்றாகப் போகும். நான்காவது மாடியில் இருக்கும் பெரியவருக்குக் கீழே இறங்கவும் முடியாது, குழாயில் தண்ணீரும் வராது.