பவுடர் கோட்டிங் என்று சொல்லி ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்: 22,500 ரூபாய் போச்சு

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ரிம்மைக் கொடுங்கள். நேற்று மாலை டயர் கடையில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஐந்து ரிம், ஒன்றுக்கு 4,500, மொத்தம் 22,500 ரூபாய். எப்படி ஏமாந்தேன் என்பதையும், ரிம்முக்கு எந்த கோட்டிங் போடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1986 அம்பாசிடர், மார்க் 4. ஸ்டெப்னியோடு ஐந்து ரிம்மும் வண்டியோடு வந்தவை. வீடு திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றுக்கு ரிம்மின் உள்பக்கம் செதில் செதிலாகத் துருவேறியிருந்தது. டியூப் டயர் என்பதால் அந்தத் துரு டியூபை அறுத்து, போன வருடம் மட்டும் இரண்டு டியூப் போனது.

குரோம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். சின்னத் துளை விழுந்தாலும் அடியில் துரு ஓடும், தவிர அம்பாசிடர் ரிம்முக்கு அது ஒட்டாத அழகு. எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு போட்டு அதன் மேல் 2கே பியு பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) அடிப்பது நல்ல வழி, கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். பவுடர் கோட்டிங்கில் அது முடியாது. ஆனால் பவுடர் கெட்டி, கல் அடித்தால் தாங்கும். தூளாகத் தெளித்தது ஓவனில் 180 முதல் 200 டிகிரி சூட்டில் உருகிப் படிந்து ஒரே தோலாகிவிடும். அதனால் பவுடர் என்று முடிவு செய்தேன்.

ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. பெயர் போடவில்லை. ரிம்மை இறக்கியதும் முதலாளியே எழுந்து வந்தார். துருவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "மார்க் ஃபோர் ரிம் சார் இது, இப்ப எங்க கிடைக்குது? எங்கப்பா முப்பது வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டினவர்" என்றார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். என் அப்பாவைப் பற்றி நானும் சொன்னேன். டீ வந்தது. மேஜை மேல் ஒரு சாம்பிள் ரிம் இருந்தது. நகத்தால் அழுத்திக் கீறினேன், கோடு கூட விழவில்லை. சாண்ட் பிளாஸ்டிங் (மணலைப் பீய்ச்சித் துருவை எடுப்பது), ஜிங்க் பிரைமர், அதன் மேல் பாலியஸ்டர் பவுடர் என்று அவரே வரிசையாகச் சொன்னார். ஓவன் எங்கே என்று கேட்டதற்கு, பின்பக்க ஷெட்டில் வேலை நடக்கிறது, சூடு, உள்ளே போக முடியாது என்று போனில் ஒரு படம் காட்டினார். படத்தைப் பார்த்துவிட்டு ஜிபேயில் 10,000 அட்வான்ஸ் போட்டேன். பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேரும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார். சரி என்றேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, டயரும் நாங்களே மாட்டித் தருகிறோம் என்று மாட்டியே கொடுத்தார்கள். அதை உதவி என்று நினைத்தேன். உள்பக்கத்தை நான் பார்த்துவிடக் கூடாது என்று செய்த வேலை அது. வெளியே பளபளவென்று வெள்ளி நிறம். மீதி 12,500 ரொக்கமாகக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவை மகாபலிபுரம் கூட்டிப்போனேன். கோவளம் தாண்டியதும் முன் இடது சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். ஓரங்கட்டி வீல் கப்பைக் கழற்றினால் இரண்டு நட் கையால் திருகும் அளவுக்கு லூஸ். நட் உட்காரும் சரிவில் கெட்டியாக அடித்துவைத்திருந்த பூச்சு நசுங்கி, பிடிமானம் போயிருந்தது. அந்த இடத்தை மறைத்துவிட்டுத்தான் எந்த கோட்டிங்கும் அடிக்க வேண்டும். பின்சீட்டில் 74 வயது அம்மா. போன் போட்டேன். "புது பெயின்ட் சார், செட் ஆகுது, டைட் வெச்சுக்கோங்க" என்றார். பெயின்ட் என்று அவர் வாயாலேயே வந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று பஞ்சர். டயர் கடைத் தம்பி லீவரைப் போட்டு நெம்பினார், ரிம் விளிம்பில் இருந்து விரல் நீளத்துக்கு ஒரு பட்டை உரிந்து வந்தது. மேலே வெள்ளி, நடுவில் பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை), அடியில் அதே பழைய செந்துரு. "சார், இது பவுடர் இல்ல" என்று சொல்லி, வேஸ்ட் துணியில் தின்னரை நனைத்துத் துடைத்தார். துணி முழுக்க வெள்ளி. சாதாரண பட்டி ஓவன் சூட்டைத் தாங்காது. அந்த ரிம் ஓவன் பக்கமே போகவில்லை. மீதி நான்கையும் கழற்றச் சொன்னேன். உள்பக்கத்தில் சுரண்டக்கூட இல்லை, துரு மேலேயே அடித்திருக்கிறார்கள். 22,500 ரூபாய்க்கு!

உடனே போன். முதலில் "டயர் கடைக்காரன் கீறிட்டான்." போட்டோ அனுப்பினேன். "கடலோரம் சார், உப்புக்கு எதுவும் நிக்காது." உப்புக் காற்றுக்காகத்தானே வந்தேன் என்றேன். அதற்குப் பதில் இல்லை. இன்று காலை நேரில் போனால் முதலாளி ஊரில் இல்லையாம். அவர் பைக் வாசலிலேயே நிற்கிறது. உள்ளே இருந்த பையன், "பில் இருக்கா சார்?" என்றான். மதியத்துக்கு மேல் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஓவனைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிங் முடிந்து வெறும் இரும்பாக இருக்கும்போது ஒரு முறை போய்ப் பாருங்கள், பட்டி போட விடாதீர்கள். டயர் மாட்டாமல் ரிம்மாகவே வாங்கி, உள்பக்கம் தின்னர் துணியால் துடைத்துப் பாருங்கள். நட் உட்காரும் இடமும் ஹப்பில் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) படியும் முகமும் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி முடுக்குங்கள். பில் வாங்குங்கள், 18 சதவீதம் போனாலும் வாங்குங்கள்.

என்னிடம் இருப்பது 10,000 ரூபாய்க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் பேச்சும், உரிந்த அந்தப் பட்டையும்தான். நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடுகிறேன், அதில் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் இல்லை. பில் இல்லாமல் இதுபோல வழக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டேன், அந்த ரிம்மோடு இனி அம்மாவை ஏற்றமாட்டேன்.