சின்னம்மாவின் கரண்ட் பில்லும் அஸ்வெசும பட்டியலும்

ஏழு வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வரிசை குறைவு, பஸ் சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டது, பிறப்புச் சான்றிதழ் பிரதியும் அரை நாளில் கையில். குறை சொல்ல ஒன்றுமில்லை. மனம் நொந்தது சின்னம்மாவின் அஸ்வெசும விஷயத்தில்தான். வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவிக் காசு அது.

சமுர்த்தி என்ற பழைய உதவிக் கொடுப்பனவுக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்தது இது. முன்பு ஆருக்குக் கிடைக்கும் என்பதில் கட்சி ஆட்களின் கை இருக்கும் என்று ஊரே கதைக்கும். அதனால் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை என்று ஆறு பிரிவில் 22 குறிகாட்டி வைத்து, புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறார்கள். தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 வரை நாலு படி. வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிந்துகொண்டு போவார்கள், மிச்சத்தைக் கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும்.

சின்னம்மா தனி ஆள். முழங்கால் ஏலாது, வருமானம் எட்டுக் கோழியும் நாலு தென்னையும். ஆனால் வீடு கல்வீடு, போருக்குப் பிறகு உதவித் திட்டத்தில் கட்டியது. நிலத்துக்கு ரைல்ஸ் நான் காசு அனுப்பிப் போட்டது. குசினி மூலையில் நிற்கிற பிரிட்ஜும் நான் வாங்கிக் கொடுத்ததுதான், அயலில் மூன்று வீட்டு மீனும் அதற்குள்தான் கிடக்கும், பில் மட்டும் சின்னம்மா பேரில்! மின்சாரப் பாவனையும் கணக்கில் வருகிற ஒன்று.

பேர் பட்டியலில் இல்லை. கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போய், எந்தக் கேள்வியால் விடுபட்டது என்று கேட்டேன். "சிஸ்டம்தான் அண்ணை தெரிவு செய்தது, எங்கட கையில ஒண்டும் இல்லை" என்றார் மேசையில் இருந்த தம்பி. பொய் சொல்லவில்லை, பாவம். மேன்முறையீட்டுப் படிவம் தந்தார், சரி, அதில் என்ன எழுதுவது? எதற்கு வெட்டினார்கள் என்று தெரிந்தால்தானே அது பிழை என்று எழுதலாம். ஊர் அலுவல் பார்த்த பழைய விதானையாரிடம் ஓரவஞ்சனை இருந்திருக்கும்தான், ஆனால் அவர் படலையில் போய் நின்று சண்டை பிடிக்கலாம், எங்கள் அடுப்பு எரிகிறதா இல்லையா என்றும் அவருக்குத் தெரியும்.

புள்ளி முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்தக் கேள்வி, நீங்கள் சொன்ன பதில், அதற்கு இத்தனை புள்ளி என்று ஒரு தாளில் அடித்துக் கையில் தந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையே பார்த்துப் பிழையைச் சொல்லிவிடும்.

அரைமணி நேரம் யோசித்து, தோன்றியதை எல்லாம் எழுதிக் கொடுத்தோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் சின்னம்மா, "பிரிட்ஜை நிப்பாட்டினால் பேர் வருமோ தம்பி?" என்று கேட்டார்.

"அப்ப மீன்?"

"அதுதானே" என்றார்.