9 செ.மீ. கடற்பனி கோரர்: பனியைக் கொடுக்கும், உவர்நீரைக் கொட்டிவிடும்

துருவக் கரையோரத்தில் ஒரே குளிர்காலத்தில் உறைந்து கோடையில் உருகும் பனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கோரரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பனியைத் துளைத்து 9 செ.மீ. விட்டமுள்ள உருளைத் துண்டாக வெளியே எடுக்கும் பல் வைத்த குழாய் இது. அந்தத் துண்டுதான் கோர். ஆர்க்டிக் குழுவோ அண்டார்க்டிக் குழுவோ, ஸ்லெட்ஜில் ஒன்று கிடக்கும். நான் பயன்படுத்துவது ஃபைபர் கிளாஸ் குழாய், 1 மீட்டர் நீளம், நீட்டிக்க 1 மீட்டர் கம்பிகள். பனியின் தடிமன், வெப்பநிலை, உப்பளவு மட்டும் பார்ப்பவர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள், மிச்சத்தைப் படிக்கவே வேண்டாம். கடற்பனி எவ்வளவு கார்பனை வாங்குகிறது, விடுகிறது என்று கணக்குப் பார்க்கிறவர் என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

முதலில் நல்லது. வெட்டு சுத்தமாக விழுகிறது. பற்கள் கூராக இருக்கும்வரை குழாய் தன் எடையிலேயே இறங்கும். மேலே ஏறி அழுத்தத் தேவையில்லை. இரும்புக் குழாயோடு ஒப்பிட்டால் ஃபைபர் கிளாஸில் ஈரம் ஒட்டி உறைவது குறைவு. இருந்தாலும் தண்ணீரில் நனைந்த குழாயை கடுங்குளிரில் தரையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் உள்ளே இருக்கும் கோர் வெளியே வராது. உடனே தட்டி எடுத்துவிட வேண்டும்.

சுழற்றுவதற்கு பெட்ரோல் எஞ்சின் வாங்கச் சொல்வார்கள். வேண்டாம். அளக்க வந்ததே கார்பன் டை ஆக்சைடு, அதைப் புகையாகத் துளைக்குள் ஊதிவிட்டு அப்புறம் எதை அளப்பது? பேட்டரி டிரில் போதும். மாற்று பேட்டரியைக் கோட்டுக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் சீக்கிரமே செத்துவிடும்.

இப்போது எனக்கிருக்கும் மனக்குறை. கடல்நீர் சுமார் −1.8 டிகிரியில் உறையும்போது உப்பையும் அதில் கரைந்த கார்பனையும் பனிப்படிகம் ஏற்காது. அவை பனிக்குள் நுண்ணிய அறைகளிலும் குழல்களிலும் உவர்நீராக ஒதுங்கும். −10 டிகிரியில் அந்த உவர்நீர் கடல்நீரைப்போல் சுமார் 4 மடங்கு உப்பு. இத்தனை செறிவில் ஐகைட் என்ற கால்சியம் கார்பனேட் படிகம் விழும். கிரீன்லாந்தின் இக்கா ஃபியோர்டின் பெயரைச் சுமக்கும் இந்தக் கனிமம் அண்டார்க்டிக் கடற்பனிக்குள்ளும் இருப்பதை 2008-இல்தான் வெளியிட்டார்கள். படிகம் விழும்போது கார்பன் டை ஆக்சைடு உருவாகி உவர்நீரில் சேரும். கனத்த உவர்நீர் அதையும் இழுத்துக்கொண்டு கீழே கடலுக்குள் வடியும். படிகம் பனியில் தங்கினால் வசந்தத்தில் உருகும்போது கரைந்து கார்பன் டை ஆக்சைடைச் செலவழிக்கும். உருகிய நீர் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். கடற்பனியை வெறும் மூடி என்று நினைத்துக் கணக்கிலிருந்து விட்டுவந்தவர்கள் திரும்பிப் பார்க்கக் காரணம் இதுதான்.

ஆக, எனக்கு வேண்டியது திரவமும் படிகமும் சேர்ந்த முழுப் பனி. கோரர் என்ன செய்கிறது? கோரை மேலே தூக்கியதும் உவர்நீர் அடியிலிருந்து ஒழுக ஆரம்பிக்கிறது. படிகங்கள் பெரும்பாலும் இடுக்குகளில் சிக்கித் தங்கிவிடுகின்றன. திரவம் போய் படிகம் மிஞ்சிய பனியை உருக்கினால், உப்போடு ஒப்பிடும்போது காரத்தன்மை (கார்பன் டை ஆக்சைடை நீர் ஏற்கும் திறனைக் காட்டும் அளவு) உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். அந்த எண்ணை வைத்து இந்த விரிகுடா இவ்வளவு கார்பனை உறிஞ்சும் என்று சொன்னால் அது மிகைதான்.

நடுக்குளிர்காலத்தில் தொல்லை குறைவு. பனியின் உப்பளவு ஆயிரத்தில் 5 பங்கு, வெப்பநிலை −5 டிகிரி, உவர்நீர் 5 சதவீதம்: இந்த எல்லைக்குக் கீழே குழல்கள் அடைபட்டுவிடும், மேல்பகுதிக் கோர் ஒழுகாது. எல்லையைத் தாண்டினால் குழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பனி சல்லடையாகிவிடும். வாயுப் பரிமாற்றம் சூடுபிடிக்கும் வசந்தமும் அதே நேரம்தான். தேவைப்படும் பருவத்தில் கருவி கைவிடுகிறது.

அடிப்பகுதி இன்னும் மோசம். டயட்டம் பாசிகள் அடர்ந்து பழுப்பாகத் தெரியும் கடைசி சில சென்டிமீட்டர் எப்போதுமே கடல்நீரின் சூட்டில் மென்மையாக இருக்கும். கோரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் கொக்கி அந்த இடத்தைத்தான் கடித்து நொறுக்குகிறது. ஒளிச்சேர்க்கையால் கார்பனை அதிகம் இழுக்கும் அடுக்கு, பாதி கூழாகத்தான் கைக்கு வரும்.

இதைச் சமாளிக்க நான் இரண்டு வேலை செய்கிறேன். கோர் வந்ததும் ஒழுகும் நீரைப் பிடிக்க அடியில் தட்டு, உடனே அறுத்து வாயு புகாத பை, காற்றை உறிஞ்சி சீல். உருக்குவது 4 டிகிரிக்குள். சூடு ஏறினால் ஐகைட் நிலைக்காது, மைக்ரோஸ்கோப்பில் தேடியும் பயனில்லை. இன்னொன்று, அதே கோரரால் பனியைப் பாதி ஆழம் மட்டும் துளைத்து நிறுத்துவது. துளையை மூடிவிட்டுக் காத்திருந்தால் சுற்றிலுமிருந்து உவர்நீர் ஊறும், பம்பால் எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் கோரரின் முழு மதிப்பும் இந்த அரைத்துளையில்தான். ஆனால் இப்படி வரும் நீர் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, படிகமும் கூட வராது. அதனால் கோரும் வேண்டும், அரைத்துளையும் வேண்டும்.

தூக்கிச்செல்லும் பையின் ஜிப், கையுறையோடு திறக்கவே முடியாத சைஸ். வடிவமைத்தவர் பனியில் நின்றதில்லை போலும்.

5-க்கு 3.5. வாங்குகிறவர்கள் பற்கள் கூடுதலாக ஒரு செட் கேளுங்கள். மணல் கலந்த கரையோரப் பனியில் முதலில் மழுங்குவது அதுதான். நீட்டிப்புக் கம்பிகளின் பின்களையும் கூடுதலாக வாங்குங்கள். வெள்ளைப் பனியில் விழுந்த பின்னை இதுவரை யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை.