மூன்று ரொபுஸ்தோக்கள், பதினெட்டு ஆண்டுகள்: முதுமை எந்தச் சுருட்டுக்கு ஏற்றது?

கியூபச் சுருட்டுப் பிரியர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. எந்தப் பெட்டியானாலும் வாங்கி வைத்து மறந்துவிட வேண்டும், பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது அமுதமாகியிருக்கும் என்பதே அது. அந்த நம்பிக்கையில் நானும் சில பெட்டிகளை மறந்து வைத்திருந்தேன். 2006ஆம் ஆண்டின் மூன்று பெட்டிகளை 2024 டிசம்பரில் திறந்து, அதே சுருட்டுகளின் 2021ஆம் ஆண்டுப் பெட்டிகளோடு அருகருகே வைத்துப் புகைத்துப் பார்த்தபோது அந்த நம்பிக்கை பாதிதான் நின்றது.

எடுத்துக்கொண்ட மூன்று: பார்த்தகாஸ் செரியே டி நம்பர் 4, ஓயோ டி மொன்தெர்ரே எபிக்கூர் நம்பர் 2, ரமோன் அயோனெஸ் ஸ்பெஷலி செலக்டட். மூன்றும் ரொபுஸ்தோ என்ற ஒரே அளவைச் சேர்ந்தவை. நீளம் 124 மி.மீ., வளைய அளவு 50. வளைய அளவு என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிப் போடும் கணக்கு. 50 என்றால் விட்டம் ஏறத்தாழ 20 மி.மீ. என்று கொள்ளலாம். அளவு ஒன்றாக இருந்தால்தான் எரியும் வேகமும் புகையின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்; அதன் பிறகு நாக்கில் தெரிகிற வேறுபாட்டை இலைக்கலவையின் மீதும் வயதின் மீதும் தயக்கமின்றிச் சுமத்தலாம். ஒல்லியான சுருட்டையும் தடித்த சுருட்டையும் ஒப்பிட்டுவிட்டு, வயதைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்களின் குறிப்புகளை நான் பொருட்படுத்துவதில்லை.

கலவையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முடிவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கியூபாவின் மேற்கு முனையில் பினார் டெல் ரியோ மாகாணத்து வுவெல்தா அபாஹோ பகுதியில் விளையும் புகையிலைச் செடியில், அடியில் இருக்கும் இலைக்கு வொலாதோ என்றும், நடுவில் இருப்பதற்கு செகோ என்றும், உச்சியில் இருப்பதற்கு லிஹெரோ என்றும் பெயர். வொலாதோ நன்றாக எரிவதற்கும், செகோ மணத்துக்கும், லிஹெரோ காரத்துக்கும் சேர்க்கப்படுகின்றன. உச்சி இலை வெயிலை அதிகம் வாங்குவதால் எண்ணெய்ப் பிசுக்கோடு தடித்திருக்கும்; மெதுவாக எரியும்; பதமாவதற்கும் அதற்கே காலம் அதிகம் தேவை, ஆலைக்குள் போவதற்கு முன்பே குறைந்தது இரண்டு ஆண்டுகள் அதைச் சிப்பத்தில் கட்டி வைக்கிறார்கள். ஒரு சுருட்டு காரமானதா மென்மையானதா என்பதைப் பெரும்பாலும் இந்த லிஹெரோவின் பங்குதான் தீர்மானிக்கிறது. பார்த்தகாஸும் ரமோன் அயோனெஸும் காரமான மரபைச் சேர்ந்தவை. ஓயோ மென்மையான மரபைச் சேர்ந்தது.

பழைய பெட்டிகள் மூன்றும் ஒரே மர அலமாரியில், 18 டிகிரி வெப்பத்திலும் 65 சதவீத ஈரப்பதத்திலும் இருந்தவை. வெப்பம் ஏறினால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து சுருட்டில் குண்டூசித் துளைகள் விழும். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பழைய சுருட்டின் மீது படியும் வெண்பொடியைச் சிலர் முதுமையின் மலர்ச்சி என்று கொண்டாடுவதுண்டு. நான் பார்த்தவரை அது பூஞ்சையேதான், தூரிகையால் துடைத்துவிட்டு மேலே நடக்க வேண்டியதுதான். பெட்டியின் மரமும் சும்மா இருப்பதில்லை. ஸ்பானிய சீடர் என்று அழைக்கப்பட்டாலும் அது உண்மையான தேவதாரு இனம் அன்று. நம் வேம்பும் மஹாகனியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த மரம். பதினெட்டு ஆண்டுகளில் அந்த மரத்தின் வாசனை சுருட்டுக்குள் எந்த அளவு இறங்குகிறது என்பது, பெட்டியின் ஓரத்தில் மரத்தை ஒட்டி இருந்ததையும் நடுவில் இருந்ததையும் மாறி மாறி முகர்ந்தால் தெரியும்.

சோதனை எளிமையானது. ஒரு மாலைக்கு ஒன்று என ஆறு மாலைகள். இரவுச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து. பக்கத்தில் வெந்நீர் மட்டும். நண்பர் ஒருவர் சுருட்டைச் சுற்றியிருக்கும் பெயர் அச்சிட்ட காகித வளையங்களைக் கழற்றிவிட்டு, எது எந்த ஆண்டு என்பதைச் சொல்லாமல் கையில் கொடுத்தார். புகையை உள்ளிழுக்காமல் வாயோடு விட்டுவிடுவதால் சுருட்டில் ஆபத்து இல்லை என்று ஆறுதல் சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. வாய்ப் புற்றுநோய்க்கும் தொண்டைப் புற்றுநோய்க்கும் அது காரணமாகிறது. மாதத்துக்கு இரண்டு என்பது என் வழக்கமான கணக்கு, இந்த ஆறு மாலைகளுக்கு ஈடாக அடுத்த மூன்று மாதங்கள் பெட்டியைத் தொடவில்லை.

ஓயோவிலிருந்து தொடங்குகிறேன். பெயரின் பொருள் மொன்தெர்ரேயின் பள்ளம். சான் உவான் இ மார்தீனெஸ் ஊரில் இருக்கும் அந்தத் தோட்டத்தின் வாசலில் ஹோசே ஹெனெர் என்ற பெயரும் 1860 என்ற ஆண்டும் இன்றும் நிற்கின்றன. 2021ஆம் ஆண்டு எபிக்கூர், பற்றவைப்பதற்கு முன் வெறுமனே இழுத்தபோதே பாலேடும் புதுமரமும் கலந்த வாசனையைக் கொடுத்தது. முதல் மூன்றில் ஒரு பங்கு வரை காரமே இல்லை. பாலில் ஊறிய பாதாம் போன்ற இனிப்பும், நடுவில் லேசான கோக்கோவும், கடைசியில் மிளகின் ஓர் ஓரமும். மூன்று ஆண்டுகளிலேயே இது முழுமையடைந்துவிட்ட சுருட்டு. அதே சுருட்டின் 2006ஆம் ஆண்டுப் பிரதியோ, மரியாதையான ஆனால் பேச்சில்லாத ஒரு முதியவரைப் போல இருந்தது. பாலேடு போய்விட்டது. உலர்ந்த புல்லும் பழைய காகிதமும் போன்ற ஒரு மெல்லிய வாசனை மிஞ்சியிருந்தது. கடைசிப் பகுதியில் சற்றே தேன் தலைகாட்டிவிட்டு மறைந்தது. ஒரு சுருட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று, அந்த ஆறு மாலைகளும் இடைவெளியும் கழிந்த பின் இன்னொரு மாலை வேறொன்றை எடுத்தேன், அதிலும் இதே கதைதான். கெட்டுப்போகவில்லை, எரிவதும் சாம்பல் நிற்பதும் குறையின்றி இருந்தன. சொல்வதற்கு அதனிடம் எதுவும் மிச்சமில்லை.

பார்த்தகாஸ் அப்படியன்று. ஹவானாவில் கபிதோலியோ மாளிகையின் பின்புறம், இந்துஸ்திரியா தெருவில் இருந்த, 1845ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொண்ட ஆலையின் பெயரைச் சுமக்கும் இந்தச் சுருட்டின் இளைய பிரதி, வாயில் வைத்த உடனேயே சண்டைக்கு நிற்கும். வறுத்த காப்பிக்கொட்டை, ஈரமண், தொண்டையின் பின்புறத்தைச் சுண்டும் கருமிளகு. பாதிக்கு மேல் போகும்போது லேசான அம்மோனியா நெடிகூட எட்டிப்பார்த்தது. இலைகள் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதற்கு அந்த நெடி அடையாளம். 2006ஆம் ஆண்டுப் பிரதியில் அந்த நெடியும் மிளகின் சுண்டுதலும் அறவே இல்லை. தோலும் கருப்பட்டியும் போன்ற ஒரு வட்டமான சுவை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மட்டத்தில் ஓடியது. நண்பர் இதற்குத்தான் முதலிடம் கொடுத்தார். எனக்கு ஒரு குறை உண்டு. செரியே டி நம்பர் 4 என்றால் அதில் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டும். பதினெட்டு ஆண்டுகள் அதை முழுவதுமாகச் சீவி எடுத்துவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன் இதே பெட்டியிலிருந்து, பத்து வயதில் எடுத்துப் புகைத்த ஒன்றின் குறிப்பு என்னிடம் இருக்கிறது: அப்போது கருப்பட்டியும் இருந்தது, மிளகும் இருந்தது. அந்தப் பத்தாம் ஆண்டுதான் இதன் உச்சம் என்பது என் தீர்ப்பு.

ரமோன் அயோனெஸை விரிவாகச் சொல்ல வேண்டும். சுருட்டுப் பெட்டியின் மேல் வண்ணக் கல்லச்சுப் படங்களை முதலில் ஒட்டியவர் என்ற பெருமை இந்தப் பெயருக்குரியவருக்குத் தரப்படுகிறது. அந்தப் படங்களின் ஆடம்பரத்துக்கு நேர்மாறாக, சுருட்டு பார்ப்பதற்குக் கரடுமுரடானது. 2021ஆம் ஆண்டினதை முகர்ந்த கணத்திலேயே எது என்று தெரிந்துவிட்டது, வளையத்தைக் கழற்றியதால் பயனில்லை. மாட்டுத்தொழுவமும் உலர்ந்த அத்திப்பழமும் கலந்த ஒரு வாடை, வேறெந்தச் சுருட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. பற்றவைத்த பிறகு காரம், துவர்ப்பு, மீண்டும் காரம். பாதியில் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுத்தான் தொடர முடிந்தது. நல்ல சுருட்டு என்று உள்ளுக்குள் தெரிகிறது, ஆனால் இன்றைக்கு அன்று.

அதன் 2006ஆம் ஆண்டுப் பிரதி வேறொரு பொருள். வெளியே சுற்றியிருக்கும் மேலிலையின் நிறமே மாறி, எண்ணெய் மினுமினுப்பு அடங்கி, பழைய தேக்குக் கதவைப் போல இருந்தது. முனையை இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி, தீக்குச்சியை அடியில் சுற்றிச் சுற்றிக் காட்டி, அவசரமில்லாமல் பற்றவைத்தேன். முதல் இழுப்பில் அத்திப்பழம், இப்போது உலர்ந்ததாக இல்லாமல் பாகில் வெந்ததாக. பத்து நிமிடம் கழித்துச் சுக்கும் ஏலமும். நடுப்பகுதியில் துவர்ப்பு எட்டிப் பார்த்தாலும் அது இப்போது பாக்கின் துவர்ப்பு, இனிப்புக்குத் துணையாக நிற்கும் துவர்ப்பு. கடைசி அங்குலத்தில் இளைய பிரதியின் அந்தக் காரம் மீண்டும் தலைதூக்கியது. காரம் செத்துவிடவில்லை, பின்வாங்கி நின்று காத்திருந்திருக்கிறது. சாம்பல் மூன்று சென்டிமீட்டர் வரை நின்றது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிடித்தேன், விரல் சுடும் வரை கீழே வைக்க மனம் வரவில்லை.

வீட்டில் ஊறுகாய் போடுபவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மாவடுவை அடுத்த மாவடு வரும் வரைதான் வைத்திருக்க முடியும்; உப்பில் ஊறிய நார்த்தங்காய் ஆண்டுக்கணக்கில் கிடந்து கறுத்தால்தான் அதற்கு மதிப்பு. கசப்பும் காரமும் தொடக்கத்தில் மிகுதியாக இருக்கும் பொருளுக்குக் காலம் கரைப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது. எபிக்கூரில் லிஹெரோ குறைவு. கரைக்க வேண்டியது சீக்கிரம் கரைந்துவிட, காலம் மணத்தின் மீது கை வைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழைய சுருட்டைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் 1990களின் பெட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அந்தப் பெட்டிகளின் அடிப்பகுதியில் மாதமும் ஆண்டும் எழுத்துக் குறியீட்டில் இருக்கும்: நிவெலாகூசோ (NIVELACUSO) என்று படிக்கத்தக்க பத்து எழுத்துகளில் முதல் ஒன்பதுக்கு வரிசையாக 1 முதல் 9 வரையும், கடைசி எழுத்துக்கு 0 என்றும் மதிப்பு. ஓ, ஏ, எஸ், யு (OASU) என்று நான்கு எழுத்துகள் இருந்தால் 06, 98. அதாவது 1998 ஜூன். 2000க்குப் பிறகு ஸ்பானிய மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளும் ஆண்டின் இரண்டு இலக்கங்களும் வெளிப்படையாகவே வந்துவிட்டன. ஆனால் எழுத்தைப் படித்து வயதைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். 1990களின் நடுப்பகுதி வரை மேலிலைக்குப் பயன்பட்ட கொரோஹோ என்ற ரகம், நோய்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்னர் கைவிடப்பட்டு, கலப்பின ரகங்கள் அதன் இடத்துக்கு வந்தன. ஆகவே 1992ஆம் ஆண்டுச் சுருட்டு இன்று சிறப்பாக இருந்தால் அது முப்பது ஆண்டுகளின் கைவண்ணமா, கொரோஹோவின் கைவண்ணமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 2006ஐயும் 2021ஐயும் நான் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே, இரண்டும் கலப்பின காலத்தவை. 1990களின் கடைசியில் தேவை பெருகி உற்பத்தி தாறுமாறாக ஏறியபோது, இறுக்கிச் சுருட்டிப் புகை வராத சுருட்டுகள் பற்றிய புகார்கள் பெருகின என்பதும், அதன் பிறகே இழுப்பைச் சோதிக்கும் கருவிகள் ஆலைகளுக்கு வந்தன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அப்படி அடைத்துக்கொண்ட ஒரு பெட்டி என்னிடமும் உண்டு, பெயர் வேண்டாம். இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தும் அடைப்பு அடைப்பாகவே இருக்கிறது.

வைத்துக் காக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனமே முதுமையை விற்கிறது, ஆனால் இரண்டு வேறு பொருள்களை ஒன்றென எண்ணிவிடக் கூடாது. ரிசர்வா என்ற பெயரில் வருபவற்றில் சுருட்டுவதற்கு முன்பே இலைகள் மூன்று ஆண்டுகளும், கிரான் ரிசர்வாவில் ஐந்து ஆண்டுகளும் பதமாக்கப்படுகின்றன. செரியே டி நம்பர் 4கூட 2000ஆம் ஆண்டு அறுவடையைக் கொண்டு ஒரு ரிசர்வாவாக வந்ததுண்டு. அன்யெஹாதோஸ் வரிசையிலோ, சுருட்டிப் பெட்டியில் அடுக்கிய பிறகு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கியூபாவிலேயே வைத்திருந்து அனுப்புகிறார்கள். முன்னதில் ஒவ்வொரு இலையும் தனித்தனியே முதிர்கிறது. பின்னதில் இலைகள் ஒன்றையொன்று அணைத்தபடி, ஒன்றின் எண்ணெயை ஒன்று வாங்கி முதிர்கின்றன. என் நாக்குக்குப் பின்னதே உண்மையான முதுமை, விலையைப் பார்க்கும்போது மட்டும் வீட்டு அலமாரி மேல் என்று தோன்றுகிறது.

வரிசைப்படுத்தச் சொன்னால்: இன்றே வாங்கி இன்றே பிடிக்க எபிக்கூர், பத்து ஆண்டு பொறுக்க முடிந்தவர்களுக்குப் பார்த்தகாஸ், அதற்கு மேலும் பொறுக்க முடிந்தவர்களுக்கு ரமோன் அயோனெஸ். 2006ஆம் ஆண்டு எபிக்கூரில் இன்னும் பதினொன்று மிச்சமிருக்கின்றன, அவற்றை விருந்தாளிகளுக்கென்று கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டேன். 2021ஆம் ஆண்டு ரமோன் அயோனெஸ் பெட்டியை மூடி, மேல்தட்டின் கடைசி மூலையில் தள்ளி, மூடியின் மேல் பென்சிலால் 2039 என்று எழுதி வைத்திருக்கிறேன்.