ரோபோ புல்வெட்டி: நான்கு வருடத்துக்குப் பிறகு, அந்த ஒயரைப் பற்றி

புல்தரையைச் சுற்றிப் பதித்த ஒயரை எல்லையாகக் கொண்டு தானாக ஓடும் ரோபோ புல்வெட்டிகளின் விலை இந்த வசந்தத்தில் நன்றாக இறங்கியிருக்கிறது, ஒன்று வாங்கிப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அறுந்துபோன எல்லை ஒயரைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டி முடித்த வாரத்தில் அவர் கேட்டதால், பதில் முக்கால்வாசி ஒயரைப் பற்றித்தான் இருக்கும்.

இடம் ஜெர்மனி. புல்தரை 350 சதுர மீட்டர், நடுவில் இரண்டு மரங்கள், ஒரு பூப்பாத்தி. எல்லை ஒயர் சுமார் 130 மீட்டர். எந்தக் கம்பெனி வண்டி என்று எழுதவில்லை. ஒயரை நம்பி ஓடுகிற பெரும்பாலான வண்டிகளுக்கு இது பொருந்தும். பேட்டரி எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் பெட்டி மேலேயே இருக்கிறது.

முதலில் புல். இதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. வாரம் ஒரு தடவை பெரிய மெஷினால் வெட்டும்போது புல் ஒரே நாளில் பாதி உயரத்தை இழந்து, மஞ்சளாகி, மறுபடி தேறி வரும். ரோபோ அப்படிச் செய்வதில்லை. தினமும் நுனியில் சில மில்லிமீட்டரை மட்டும் கிள்ளுகிறது. அதனால் புல் மேலே ஓடாமல் பக்கவாட்டில் தூர் கட்டுகிறது. இரண்டாவது கோடையில் தரையில் விரலை விட்டால் மண் தட்டுப்படாத அளவுக்கு அடர்த்தி வந்துவிட்டது. வெட்டின துணுக்குகள் பொடியாக இருப்பதால் அங்கேயே விழுந்து மக்கிவிடுகின்றன. புல்லுக்கு வருடத்துக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை இதிலிருந்தே கிடைக்கும். குப்பைத் தொட்டிக்கு ஒரு மூட்டைகூடப் போகவில்லை. டான்டிலியன் என்ற மஞ்சள் பூக் களை தலையெடுப்பதற்குள் வெட்டுப்படுகிறது. மூவிலைச் செடியான க்ளோவர் மட்டும் தாழப் படர்ந்து தப்பிக்கிறது. தேனீக்களுக்காக அது அப்படியே இருக்கட்டும்.

இதற்கு பிளேடு கூராக இருக்க வேண்டும். ஒரு வட்டத் தட்டில் மூன்று குட்டி பிளேடுகள், சவர பிளேடு அளவுதான். ஒவ்வொன்றும் ஒரு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டு சுதந்திரமாகச் சுழல வேண்டும். சீசனில் 4 முதல் 7 வாரத்துக்கு ஒரு முறை மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தட்டு எடை சமமில்லாமல் அதிரும். ஸ்க்ரூவையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஸ்க்ரூவின் கழுத்து தேய்ந்திருக்கும், பிளேடு கழன்று பறக்க அது போதும். மொட்டை பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். நுனி நார் நாராகப் பிரிந்து, ஒன்றிரண்டு நாளில் வெளிறிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் தரை முழுக்கச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறப்பவர்கள் நிறையப் பேர். குனிந்து ஒரே ஒரு புல்லின் நுனியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கழற்றும்போது மெயின் ஸ்விட்ச் அணைந்திருக்க வேண்டும், கையில் தடித்த கையுறை இருக்க வேண்டும். இது தவிர வண்டிக்கு வேறு பெரிய வேலை கிடையாது. மின்சாரம் இந்த அளவு தரைக்கு மாதம் 10 யூனிட்டைத் தாண்டாது.

இப்போது ஒயர்.

சார்ஜிங் ஸ்டேஷன் இந்த ஒயருக்குள் குறைந்த மின்னழுத்தத்தில் துடிப்புத் துடிப்பாக மின்சாரத்தை அனுப்புகிறது. ஒயரைச் சுற்றி ஒரு காந்தப்புலம் உண்டாகும். வண்டியில் உள்ள சுருள்கள் அதை உணர்ந்து, உள்ளே இருக்கிறோமா வெளியே போய்விட்டோமா என்று தெரிந்துகொள்கின்றன. 1995-இல் சுவீடனின் ஹஸ்க்வர்னா சோலார் மோவர் என்ற பெயரில் ரோபோ புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முப்பது வருடத்தில் மோட்டாரும் பேட்டரியும் எங்கேயோ போய்விட்டன. ஒயர் மட்டும் இன்னும் ஒயராகவே இருக்கிறது. ஒயர் ஒரே ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்த வளையமும் செத்துவிடும். எல்லை தெரியாத இடத்தில் பிளேடு சுழலக்கூடாது என்பதால் வண்டி நகரவே நகராது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருப்பது முழுக்கச் சரி. அறுந்த இடம் எது என்று சொல்ல மட்டும் அதில் ஒரு வழியும் வைக்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். 130 மீட்டரில் எங்கோ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஸ்டேஷனில் ஒரு விளக்கு நிறம் மாறிக் கண் சிமிட்டும், அவ்வளவுதான்.

அறுவதற்குக் காரணங்கள் இவை. முளை அடித்துத் தரைமேல் ஒயரைப் பரப்பினால் சில வாரத்தில் புல் அதை மூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. ஏப்ரலில் பாசி எடுக்க ஸ்கேரிஃபையரை ஓட்டும்போது அதன் கத்தி மண்ணை ஓரிரு மில்லிமீட்டர்தான் கீறும், ஆனால் ஒயரும் அந்த ஆழத்தில்தான் கிடக்கிறது. பாத்தி ஓரத்தை மண்வெட்டியால் சீவும்போது வெட்டுப்படும். வளை தோண்டும் எலிகள் கடிக்கும். இழுத்துக் கட்டிய ஒயராக இருந்தால், பனிக்காலத்தில் மண் உறைந்து உப்பும்போது இணைப்பிலிருந்து உருவிக்கொண்டு வரும். வேலி ஓரத்தில் வேர் பருத்துத் தள்ளும். இவை எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது பழைய இணைப்பு. நம் ஆட்கள் வழக்கப்படி இரண்டு நுனியையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி மண்ணில் புதைத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்த டேப்பைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் கசிந்து, செம்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு ஏறி, தொட்டால் உதிரும். வெளியிலிருந்து பார்த்தால் இணைப்பு அப்படியே இருக்கும், மின்சாரம் மட்டும் போகாது. இன்னும் மோசமாக, காய்ந்த நாளில் போகும், மழை நாளில் போகாது.

கண்டுபிடிக்கும் முறை இது. முதலில் ஸ்டேஷனை மின்சாரத்திலிருந்து பிரித்துவிட்டு, மூன்று முனைகளையும் கழற்றுங்கள். இடது எல்லை முனை, வலது எல்லை முனை, வழிகாட்டி ஒயரின் முனை. வழிகாட்டி ஒயர் என்பது ஸ்டேஷனிலிருந்து புல்தரையின் குறுக்கே போய், தொலைவில் எல்லை ஒயரோடு சேர்வது. வண்டி வீடு திரும்ப அதைத்தான் பிடித்துக்கொண்டு வரும். மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளவில்) வைத்து இடதுக்கும் வழிகாட்டிக்கும் நடுவில் அளவு பாருங்கள், பிறகு வலதுக்கும் வழிகாட்டிக்கும். எந்த ஜோடியில் அளவு வரவில்லையோ அந்தப் பாதியில்தான் கோளாறு. இரண்டிலும் வரவில்லை என்றால் முதல் சந்தேகம் வழிகாட்டி ஒயர் சேரும் முடிச்சின் மேல் விழ வேண்டும். ஒரே நிமிடத்தில் தேட வேண்டிய நீளம் பாதியாகிவிடும். கையேட்டில் இது எங்கோ பின்பக்கத்தில் ஒரு சின்னப் படமாக இருக்கிறது. அட்டையில் அச்சடித்திருக்க வேண்டிய விஷயம்.

அடுத்து, கெட்ட பாதியின் நடுவில் ஒயரைத் தோண்டி எடுத்து, வெட்டி, ஸ்டேஷன் பக்கத்துத் துண்டை மீட்டரில் பாருங்கள். மீட்டரின் கம்பி எட்டாது, கையில் ஒரு நீளமான உதிரி ஒயர் வேண்டும். அந்தத் துண்டு நல்லதாக இருந்தால் அறுந்த இடம் அதற்கு அப்பால். 65 மீட்டர், 32, 16, 8 என்று குறைந்துகொண்டே வரும். நான்கைந்து வெட்டில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு ஒரு இணைப்பு போட வேண்டும் என்பதுதான் இதன் விலை. அதனால் முதலில் பழைய இணைப்புகளைத் தோண்டி அங்கேயே அளந்து பார்ப்பது நல்லது. எங்கே இணைப்பு இருக்கிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து வைத்தவர்கள் பிழைத்தார்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கேபிள் ட்ரேசர் கிடைத்தால் வெட்டவே வேண்டாம். அனுப்பும் பெட்டியின் கிளிப்பை ஒயரின் முனையில் மாட்டி, உணரும் குச்சியோடு ஒயரின் மேலாக நடந்தால், சத்தம் அடங்குகிற இடத்தில் ஒயர் அறுந்திருக்கும். ஊசியால் உறையைக் குத்திப் பார்க்கிற குறுக்கு வழி வேண்டாம். அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கி, அடுத்த வருடம் அங்கேயே களிம்பு பிடிக்கும்.

ஒட்டுவதற்கு உள்ளே ஜெல் நிரப்பிய இணைப்பு மட்டும்தான் சரி. ஒயரின் உறையை உரிக்கக்கூடாது. இரண்டு நுனியையும் நேராக வெட்டி, கடைசி வரை உள்ளே தள்ளி, மேலே உள்ள பொத்தானைப் பெரிய குறட்டால் சமமாக அமுக்க வேண்டும், அது உடம்போடு பதிந்து உட்காரும் வரை. விரலால் அமுக்கினால் பாதிதான் இறங்கும். பக்கவாட்டில் ஜெல் லேசாகப் பிதுங்கி வந்தால் நல்ல அறிகுறி. இணைப்பின் இரு பக்கமும் ஒரு சாண் ஒயரைத் தளர்வாக வளைத்து விடுங்கள், பனி இழுக்கும்போது அது நெகிழ்ந்து கொடுக்கும். மிச்ச ஒயரைச் சுருட்டி மட்டும் வைக்காதீர்கள். சுருட்டினால் அதுவே ஒரு மின்சுருளாகி, அந்த இடத்தில் சிக்னலைக் குழப்பி, வண்டியைத் திணறடிக்கும்.

முதல் தடவையே சரியாகப் போட்டால் இதில் பாதித் தொல்லை வராது. முளையில் பரப்பாமல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதையுங்கள். ஸ்கேரிஃபையர் அங்கே எட்டாது. 20 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் சிக்னல் மங்கும். சுவரிலிருந்து 30 முதல் 35 சென்டிமீட்டர் விட வேண்டும், புல்லோடு சமமட்டமான கல் பாதை என்றால் 10 போதும். சுவர் ஓரமாக வண்டி எட்டாத பட்டையை மாதம் இரண்டு தடவை கையால் வெட்ட வேண்டியிருக்கும், அங்கே ஒரு வரிசை தட்டைக் கல் பதித்துவிட்டால் அந்த வேலை ஒழிந்தது. மூலைகளை வளைவாகப் போடுங்கள். எல்லையிலிருந்து பூப்பாத்திக்குப் போகும் ஒயரும், அதைச் சுற்றிவிட்டு எல்லைக்குத் திரும்பும் ஒயரும் ஒட்டி ஒட்டி, ஒரே பள்ளத்துக்குள் இருக்க வேண்டும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகக்கூடாது. ஒட்டி இருந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும், வண்டி அங்கே ஒயர் இருப்பதே தெரியாமல் கடந்து போகும். நடுவில் இடைவெளி விட்டால் அது ஒரு சுவராகிவிடும். போட்டு முடித்த அன்றே முழு வளையத்தின் ஓம் அளவைக் குறித்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அது இரட்டிப்பாகியிருந்தால் ஏதோ ஒரு இணைப்பு அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறுவதற்கு முன்பே பிடித்துவிடலாம். இடி மின்னல் வருவதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டித்து, ஒயர்களையும் ஸ்டேஷனிலிருந்து கழற்றுங்கள். தரையில் கிடக்கிற அவ்வளவு பெரிய வளையம் பக்கத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சியை வாங்கி நேராக ஸ்டேஷனின் சர்க்யூட் போர்டுக்குள் அனுப்பும்.

ஒயர் இல்லாத வண்டிக்கு மாறினால் இது எல்லாம் போய்விடுமா என்று கேட்பார்கள். ஒயர் போய்விடும். செயற்கைக்கோள் சிக்னலை வைத்து வண்டி தன் இடத்தை அறியும் ஆர்டிகே (RTK) முறை இரண்டு மூன்று சென்டிமீட்டர் துல்லியம் தரும், ஆனால் வானம் திறந்திருக்க வேண்டும். இரண்டு மாடி வீட்டின் சுவரோரம், மரத்தடி, ஒடுங்கிய சந்து, இங்கெல்லாம் சிக்னல் தடுமாறும். கேமரா வைத்தது வெளிச்சம் குறைந்தால் தடுமாறும். மரமில்லாத சதுரமான தரை என்றால் யோசிக்காமல் அதற்கே போகலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இரவில் ஓட்டாதீர்கள். ஜெர்மனியில் குடியிருப்புப் பகுதிகளில் புல்வெட்டிகளுக்கு ஞாயிறும் விடுமுறை நாளும் தடை, மற்ற நாட்களில் இரவு 8 முதல் காலை 7 வரை தடை. சத்தமில்லாத வண்டிதானே என்று பலர் இதை மதிப்பதில்லை. சத்தம் மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. முள்ளெலி இரவில்தான் இரை தேடி வரும். ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டு அப்படியே உட்கார்ந்துவிடும். குட்டி முள்ளெலியைப் பல வண்டிகள் உணர்வதே இல்லை. வெட்டுக்காயத்தோடு புதரில் கிடந்து நாள்கணக்கில் சாகும் முள்ளெலிகளைப் பற்றி பெர்லினில் உள்ள லைப்னிட்ஸ் வனவிலங்கு ஆய்வு நிறுவனம் ஆய்வு செய்திருக்கிறது. 2024-இல் கொலோன் நகரம் ரோபோ புல்வெட்டிகளை இரவில் ஓட்டத் தடை விதித்தது. அதே வருடம் ஐரோப்பிய முள்ளெலி சர்வதேச சிவப்புப் பட்டியலில் ‘அச்சுறுத்தலை நெருங்கும்’ இனமாக வகைப்படுத்தப்பட்டது. காலை 10 முதல் மாலை 4 வரை ஓட்டினால் 350 சதுர மீட்டருக்குத் தாராளம்.

நண்பருக்குப் பதில்: தெருவிலேயே நல்ல புல்தரை இந்த வண்டியால்தான் வந்தது. இருந்தும், இந்த வருடம் ஒயர் வண்டி வாங்காதீர்கள், விலை பாதியானாலும் வேண்டாம். உங்கள் தோட்டத்து மரங்களால் வேறு வழியில்லை என்றால், வண்டியோடு கூடவே 50 மீட்டர் உதிரி ஒயர், ஒரு டஜன் ஜெல் இணைப்பு, ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். பெட்டியோடு வரும் முளைகளைத் திறக்கவே வேண்டாம், முதல் நாளே தோண்டிப் புதைத்துவிடுங்கள்.