பஸ் ஓட்டுகிற காலுக்குக் கார்பன் தகடு

காலணிக்கு 279 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன் என்று வீட்டில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. சொன்னதும் மனைவி பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்ன இது, உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது?" சமையலறைத் தராசில் வைத்தோம். 212 கிராம். என் வேலைக் காலணி ஒன்று மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும்.

வயது 49. பொதுப் பேருந்து ஓட்டுகிறேன். காலை வேலை முடிந்த நாளில் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓட்டம், விடுமுறையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 வினாடி, அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்னால் என்றால். இந்த வேகத்தில் ஓடுகிற ஆளுக்கு, அடி நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்த பந்தயக் காலணி தேவையா என்பதுதான் கேள்வி. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு யாரையும் தூக்கவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். இந்த வகைக் காலணிகளின் குணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

வாங்கியது குவீன்ஸ்வே கடைத்தொகுதியில். போன வருட மாடல், அதனால் விலை இறங்கியிருந்தது. கடைக்காரர் அறுபதைத் தாண்டிய சீன அங்கிள். எவ்வளவு வேகம் ஓடுவாய் என்று முதலில் கேட்டார், சொன்னேன். சிரிக்கவில்லை, அதற்கே அவருக்கு மதிப்பெண் கொடுக்கலாம். கடைக்கு வெளியே நடைபாதையில் நாலு தடவை ஓடச் சொல்லிவிட்டு என் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் எடுத்துக் கொடுத்த மாடலில் என் இடது கால் உள்பக்கம் சாய்கிறது என்று அவரே அதை வாங்கி வைத்துவிட்டு, குதிகால் கொஞ்சம் அகலமான இன்னொன்றைக் கொடுத்தார். விலை அதைவிட 40 வெள்ளி குறைவு.

வீட்டுக்கு வந்து மகளின் அடிக்கோலை எடுத்துக் குதிகால் பக்கம் அளந்தேன். 46 மில்லிமீட்டர்! திக்கென்றது. சாலை ஓட்டத்தில் காலணியின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது, விறைப்பான தகடு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020 ஜனவரியில் விதி போட்டிருப்பது எனக்குத் தெரியும். மகள்தான் விதியைத் தேடிப் படித்துவிட்டு என் மானத்தைக் காப்பாற்றினாள். வெளிச்சுவரில் கோலை வைத்து அளக்கக்கூடாதாம். கால் பதிகிற இடத்திலிருந்து, உள் அட்டையையும் சேர்த்து, கீழே தரை தொடும் இடம் வரை அளக்க வேண்டும். குதிகாலில் எந்தப் புள்ளி, முன்பாதத்தில் எந்தப் புள்ளி என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு: உள்நீளத்தில் 12 விழுக்காடு, 75 விழுக்காடு. வெளியே தெரிகிற நுரை, காலைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் மாதிரி மேலே ஏறி நிற்கிறது. அதைத்தான் நான் அளந்திருக்கிறேன்.

நான் 50 மில்லிமீட்டர் போட்டு ஓடினாலும் என் பின்னால் அடிக்கோலைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம். முன்வரிசையில் ஓடுகிறவர்களுக்குத்தான் இது வயிற்றுப் பிழைப்பு. 2021 வியன்னா மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா முதலாவதாக வந்தார். காலில் இருந்தது 50 மில்லிமீட்டர் காலணி. கொஞ்ச நேரத்தில் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய ஓட்டம் ஒரு சென்டிமீட்டரில் போயிற்று.

விதிகளில் எனக்குப் பிடித்தது தடிமன் கணக்கில்லை. காலணி கடையில் விற்பனைக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான். சோதனையில் இருக்கும் காலணிக்கு 12 மாதம் வரை சலுகை உண்டு, ஆனால் ஒலிம்பிக்கில் அது செல்லாது. சாம்பியன் போடுகிற அதே சாமானைப் பேருந்து ஓட்டுகிறவனும் குவீன்ஸ்வேயில் கேட்டு வாங்கலாம். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் நடக்குமா? விலை என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023 பெர்லின் மாரத்தானில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2:11:53 ஓடிப் பெண்கள் உலக சாதனை படைத்தபோது போட்டிருந்த அடிடாஸ் காலணியின் எடை 138 கிராம், விலை 500 அமெரிக்க டாலர். பழகிக்கொள்ளக் கொஞ்சம், அப்புறம் ஒரே ஒரு மாரத்தான், அதற்காகச் செய்ததாம். என் ஒரு மாத மளிகைச் செலவு!

சரி, ஓடினால் எப்படி இருக்கிறது? சும்மா நின்றால் நன்றாகவே இல்லை. சக்கர நாற்காலிக்காரர் ஏறுவதற்காகப் பேருந்தை ஒரு பக்கம் தாழ்த்துவோமே, அந்த மாதிரி குதிகால் அமுங்கிக் கொடுக்கிறது. ஓட ஆரம்பித்தால் கதை மாறுகிறது. அமுங்கிய நுரை திருப்பித் தள்ளுகிறது, வளைந்த தகடு பாதத்தை முன்னால் உருட்டிவிடுகிறது. 15 கிலோமீட்டருக்கு மேல் தொடை கல்லாகுமே, அது வெகுவாகக் குறைந்தது. ஜூலையில் ஓடிய அரை மாரத்தானில் 2 மணி 13 நிமிடம் 2 மணி 9 ஆனது. முழுப் பெருமையையும் காலணிக்குக் கொடுக்க மாட்டேன், அன்று விடியற்காலை மழை பெய்து குளிர்ந்திருந்தது. நைக்கியின் கார்பன் தகட்டுக் காலணி ஓடுகிற சக்தியில் 4 விழுக்காடு மிச்சப்படுத்தும் என்ற புகழைத் தந்த ஆய்வில் ஓடியவர்கள் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர் வேகக்காரர்கள். நான் 9.5. அந்த 4 எனக்கு அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அதே மழைதான் காலை வாரவும் பார்த்தது. ஈரமான வெள்ளைக்கோட்டில் மிதித்ததும் சறுக்கியது. யூ திருப்பத்தில் உயரம் காரணமாகக் கணுக்கால் தள்ளாடியது. அங்கே எட்டு வைத்து நடக்கிற மாதிரிதான் போனேன். அடியில் திறந்து கிடக்கும் நுரைப் பள்ளத்தில் பொடிக்கல் சிக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டருக்கு டக் டக் என்றது. நின்று வீட்டுச் சாவியால் நோண்டி எடுத்தேன்.

மறுநாள் வேலை. கெண்டைக்கால் புதிதாக ஓர் இடத்தில் இழுத்தது, பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் தெரிந்தது. பயணிகள் நிறைந்த வண்டியில் அது விளையாட்டில்லை. அதிலிருந்து பழக்க ஓட்டங்களுக்குப் பழைய தட்டைக் காலணிதான். இதை மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் மறுநாள் ஓய்வு என்றால்தான் எடுக்கிறேன். டிப்போவில் ஒரு முறை போட்டுக்கொண்டு போனதற்கு, "என்னண்ணே, ஹீல்ஸா?" என்று கேட்ட தம்பி, இப்போது குவீன்ஸ்வே கடைக்கு வழி கேட்கிறான்.

முதல் அரை மாரத்தானுக்குத் தயாராகிற ஆளாக இருந்தால் வாங்காதீர்கள், அந்தக் காசில் இரண்டு ஜோடி நல்ல பழக்கக் காலணி வரும். இரண்டு மூன்று வருடம் ஓடிக் கால் உறுதியாகி, குறிப்பிட்ட ஒரு நேரத்தைத் துரத்துகிறவர் என்றால் போன வருட மாடலைப் பாருங்கள். கடையில் வளைந்து திரும்பியும் ஓடிப் பாருங்கள், நேராக மட்டும் ஓடாதீர்கள்.

என்னுடையது இதுவரை 96 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெட்டியில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். டிசம்பர் மாரத்தானுக்கு முதல் நாள்தான் இறக்குவேன்.