இரண்டு பெயர் உள்ளவர்களுக்கு ஏற்ற ரவுண்ட்கியூப்

யாங்கோனில் எங்கள் பருப்பு ஏற்றுமதி அலுவலகத்தில் 36 பேர் வேலை பார்க்கிறோம். பாதிப் பேர் தமிழர். அவர்களில் அநேகமாக எல்லாருக்கும் இரண்டு பெயர். வீட்டிலும் கோவிலிலும் முருகன். அடையாள அட்டையில் அவுங் மோ என்ற பர்மியப் பெயர். சென்னையில் உளுந்து வாங்குகிறவருக்கு முருகனைத்தான் தெரியும். இங்கே வங்கிக்கும் துறைமுகத்துக்கும் அட்டைப் பெயர்தான் செல்லும். கடிதத்தில் எந்தப் பெயரைப் போடுவது? இந்தக் கேள்வியோடு மூன்று வருஷம் மல்லுக்கட்டியவன் நான். பிரவுசரிலேயே மின்னஞ்சல் பார்க்க உதவும் ரவுண்ட்கியூப் வெப்மெயில்தான் அதற்கு வழி காட்டியது.

முன்பு வேறொரு வெப்மெயில் வைத்திருந்தோம். அதில் நுழைவுப் பக்கத்தின் நிரலையே திருத்தி வைத்திருந்தேன். புதுப் பதிப்பு போட்டால் திருத்தம் அழிந்துவிடும். ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். நடுவில் கரண்ட் போகும். ரவுண்ட்கியூபில் மூல நிரலைத் தொடவே வேண்டாம், பிளக்இன் என்ற துணை நிரலைத் தனியாக எழுதிச் சேர்த்தால் போதும். பிளக்இன்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர், அதற்குள் அதே பெயரில் ஒரு பிஎச்பி ஃபைல், கான்ஃபிக் என்ற அமைப்பு ஃபைலின் பட்டியலில் அந்தப் பெயர். ரவுண்ட்கியூப் தன் வேலைக்கு நடுவே அங்கங்கே நின்று "யாராவது தலையிடப் போகிறீர்களா?" என்று கேட்கும். அந்த இடங்களுக்குத்தான் ஹுக் என்று பெயர்.

எனக்கு வேண்டியிருந்த ஹுக்குகள் இரண்டு. முதலாவது, நுழைவைச் சரிபார்க்கும் இடத்தில் வரும் ஆத்தென்டிகேட். கிட்டங்கி ஆட்களுக்கு மின்னஞ்சல் முகவரி நினைவில் நிற்காது, போன் நம்பர் நிற்கும். 09 என்று தொடங்கும் நம்பரைத் தட்டினால், அஞ்சல்களை வைத்திருக்கும் ஐமேப் சர்வருக்குப் போகும் முன்பே என் பிளக்இன் அதைப் பிடித்து அஞ்சல்பெட்டியின் பெயராக மாற்றிவிடும். ரவுண்ட்கியூபோடு கூடவே வருகிற, முகவரிக்குரிய பயனர் பெயரைத் தேடித் தரும் விர்ச்சுயூசர் குவெரி பிளக்இன் போதுமென்று முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்தேன். அதன் யூசர் குவெரி, தட்டிய பெயரில் @ குறி இருந்தால்தான் தேடும். வெறும் நம்பரைக் கண்டுகொள்ளாது.

இரண்டாவது, புதுப் பயனரின் பதிவு உருவாகும் இடத்தில் வரும் யூசர் கிரியேட். ஒருவர் முதல்முறை நுழையும்போது அவருடைய பெயரையும் முகவரியையும் நம் கையில் கொடுத்துவிடும். நான் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். அனுப்புநர் விவரத்தில் பெயருக்கு ஒரே கட்டம்தான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கச் சொல்லாது. குடும்பப்பெயரே இல்லாத பர்மிய வழக்கத்துக்கு அதுதான் சரி. கணக்குப் பார்க்கும் பெரியம்மா தன் கடிதத்தின் மேலே இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு, "இப்பத்தான் தம்பி முழுசா இருக்கு" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

இந்த ஹுக் ஓர் ஆளுக்கு ஒரே தடவைதான் ஓடும் என்பதை மறக்காதீர்கள். பிளக்இன் போடும் முன்பே 11 பேரை நுழையச் சொல்லிச் சோதித்துவிட்டேன். அவர்களுடைய பதிவு ஏற்கெனவே உருவாகிவிட்டதால், பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டியதாயிற்று. முதலில் பிளக்இன், அப்புறம்தான் ஆட்கள்.

பர்மிய எழுத்தில் பெயர் கேட்டவர்களும் உண்டு. எங்கள் பழைய பட்டியல், யூனிகோடோடு ஒத்துப்போகாத ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருந்தது. நாடு 2019 அக்டோபர் 1 அன்று யூனிகோடுக்கு மாறிவிட்டது. பட்டியலை மாற்றாமல் ஊட்டினால் வாங்குகிறவர் திரையில் எழுத்துகள் கலைந்து கிடக்கும். மாற்றிவிட்டுத்தான் ஏற்றினேன்.

அனுப்புநர் விவரத்தில் எதையெல்லாம் ஊழியர் திருத்தலாம் என்று சொல்லும் ஐடென்டிட்டீஸ் லெவலை 3 என்று வைத்தேன். ஊழியர் பெயரையும் கையொப்பத்தையும் திருத்தலாம், முகவரியைத் தொட முடியாது. ஒரு பையன் அனுப்புநர் முகவரியை மாற்றி வைத்ததில் கப்பல் பத்திரம் பற்றிய பதில் எங்கேயோ போய், இரண்டு நாள் தவித்தோம். பாஸ்வேர்டை அவரவரே மாற்றிக்கொள்ளவும் பிளக்இன் கூடவே வருகிறது, அதில் தொல்லை இல்லை.

குறை என்றால், ஹுக் பற்றிய விளக்கங்கள் சுருக்கமாக இருக்கின்றன. கூட வரும் பிளக்இன்களின் நிரலைத் திறந்து படித்துத்தான் நான் கற்றேன். நுழைவு ஹுக்கில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் 36 பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான். வேறு ஒரு கணினியில் ஓட்டிப் பார்க்காமல் அலுவலகத்தில் போடாதீர்கள்.

2025 ஜூனில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அடைத்து 1.6.11 பதிப்பு வந்தது. அன்றைக்கே மாற்றினேன். என் பிளக்இன் அப்படியே ஓடியது, ஒரு வரிகூடத் திருத்தவில்லை. மொத்தமே 60 வரிதான். கோவில் அலுவலகமோ கடையோ, இதே தொல்லை உள்ளவர்கள் கேட்டால் நகல் தருகிறேன். அனோரதா சாலை காளி கோவில் பக்கம் என்றால் நேரில் வந்தே போட்டுத் தருவேன்.